கைநிரப்புத் தோட்டா (சுழல் துப்பாக்கிப் போட்டி)

கைநிரப்புத் தோட்டா என்பது பித்தளை உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புகளையும் சுடுபவர் தனித்தனியே பெற்று, கையால் இயக்கும் அழுத்தியின் உதவியுடன் தாமே ஒன்றுசேர்த்து உருவாக்கும் தோட்டா ஆகும். இலக்கு சுடும் போட்டிகளில் சுழல் துப்பாக்கியைப் (ரிவால்வர்) பயன்படுத்துவோர், குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், தமக்குத் தேவையான தோட்டாக்களைப் பெரும்பாலும் இம்முறையிலேயே ஆக்கிக்கொள்கின்றனர். ஏற்கனவே சுடப்பட்ட உறையை மீண்டும் பயன்படுத்துவது மீள்நிரப்பல் எனப்படும். புதிய உறையில் செய்வதையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல் கைநிரப்பல் ஆகும்.

பேச்சுவழக்கில் குண்டு, தோட்டா ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வழங்குகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது முழுத் தொகுதியையும், குண்டு என்பது குழலில் இருந்து வெளியேறி இலக்கைத் துளைக்கும் பகுதியை மட்டும் குறிக்கும். அமெரிக்க வழக்கப்படி குண்டின் நிறையும் மருந்தின் நிறையும் கிரெயின் அலகில் தரப்படுகின்றன. 1 கிராம் ஏறத்தாழ 15.43 கிரெயின் ஆகும். வேகம் விநாடிக்கு இத்தனை அடி எனக் குறிக்கப்படுகின்றது.

கைநிரப்பலுக்கு முதற்காரணமாகச் செலவே பொதுவாகக் கூறப்படுகின்றது. தோட்டாவின் விலையில் பெரும்பங்கு பித்தளை உறைக்கு உரியது. அவ்வுறையோ பலமுறை பயன்படக்கூடியது. எனினும், ஆண்டுக்குப் பல்லாயிரம் தோட்டாக்களைச் சுடும் போட்டியாளருக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. போட்டி விதிகள் கேட்கும் ஆற்றலும் கடையில் கிடைக்கும் தோட்டாவின் ஆற்றலும் பொருந்துவதில்லை.

ஆற்றல் காரணி

வேகத்தையும் துல்லியத்தையும் ஒருங்கே அளவிடும் போட்டிகளில், எல்லோரும் மிக மென்மையான தோட்டாவைக் கொண்டு பின்னுதைப்பே இல்லாமல் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு கீழ்வரம்பு வைக்கப்பட்டுள்ளது. இது ஆற்றல் காரணி எனப்படும். குண்டின் நிறையை (கிரெயின்) அதன் வேகத்தால் (விநாடிக்கு அடி) பெருக்கி 1000 ஆல் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். பெயரில் ஆற்றல் இருப்பினும் இயற்பியலில் இது உந்தத்தின் அளவே ஆகும். ஆற்றலாயின் வேகத்தின் வர்க்கத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். பின்னுதைப்பு உந்தத்தைச் சார்ந்தது என்பதால், பெயர் பிழையானாலும் அளவு பொருத்தமானதே.

அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. அமைப்பின் சுழல் துப்பாக்கிப் பிரிவில் சிறு வகைக்கு 125, பெரு வகைக்கு 165 என வரம்புகள் உள்ளன. சுழல் துப்பாக்கிக்கெனவே 1991 இல் தொடங்கப்பட்ட ஐ.சி.ஓ.ஆர்.இ. அமைப்பு 120 ஐக் கேட்கின்றது. ஐ.டி.பி.ஏ. அமைப்பில் மாற்றமற்ற சுழல் துப்பாக்கிகளுக்கு 105 போதும்.

தொழிற்சாலைத் தோட்டாக்களை இவ்வரம்புகளோடு ஒப்பிட்டால் சிக்கல் தெளிவாகும். மிகப் பரவலான .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழமையான வடிவம் 158 கிரெயின் ஈயக் குண்டும் 755 அடி வேகமும் கொண்டது. இதன் காரணி 119.3. அதாவது ஐ.சி.ஓ.ஆர்.இ. வரம்பை மயிரிழையில் தவறவிடுகின்றது, யு.எஸ்.பி.எஸ்.ஏ. வரம்பை எட்டவே இல்லை. இலக்குச் சுடுதலுக்கென விற்கப்படும் 148 கிரெயின் தோட்டா 710 அடி வேகத்தில் 105.1 என வருகின்றது. மறுபுறம் .45 ஏ.சி.பி. தோட்டாவின் 230 கிரெயின் குண்டு சுமார் 830 அடி வேகத்தில் செல்கின்றது. காரணி ஏறத்தாழ 191. பெரு வகைக்கு 165 போதும் என்னும்போது, மீதமுள்ள 26 அலகும் போட்டியாளரின் மணிக்கட்டுக்குத் தேவையற்ற சுமை ஆகும். கடைத் தோட்டாக்களுள் ஒன்று குறைகின்றது, மற்றொன்று மிகுகின்றது. தமக்கு வேண்டிய இடத்தில், எடுத்துக்காட்டாக 128 அல்லது 168 இல், நிறுத்த விரும்புபவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியவராகின்றார்.

வரம்பின் விளிம்பில் நிற்பது ஆபத்தானது. பெரிய போட்டிகளில் ஒவ்வொருவரிடமிருந்தும் சில தோட்டாக்கள் முன்னறிவிப்பின்றிப் பெறப்பட்டு, ஒன்றின் குண்டு பிடுங்கி எடைபோடப்படும். ஏனையவை போட்டியாளரின் சொந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டு, வேகமானியால் அளக்கப்படும். பெரு வகை எனப் பதிந்தவர் 165 ஐ எட்டாவிடில் அவரது புள்ளிகள் சிறு வகையாகக் கணக்கிடப்படும். 125 ஐயும் எட்டாதவருக்கு அப்போட்டியில் புள்ளியே இல்லை. இந்நிலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவருக்கும் பொருந்தும்.

இங்கு சுழல் துப்பாக்கிக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. உருளைக்கும் குழலுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லையேல் உருளை சுழலாது. அவ்விடைவெளி வழியே வளிமத்தின் ஒரு பகுதி வெளியேறுகின்றது. இடைவெளியும் உருளை அறைகளின் வாய் விட்டமும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுபடுவதால், ஒரே தோட்டா ஒரே நீளக் குழல் கொண்ட இரு துப்பாக்கிகளில் வெவ்வேறு வேகத்தைத் தரலாம். நண்பரின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டவர் வேகமானியின் முன் ஏமாற்றம் அடைவது இதனாலேயே.

வெற்றிடச் சிக்கல்

போட்டிக்கான கைநிரப்பலில் பேரிடர் விளைவிப்பது மிகுந்த மருந்தை விரும்பி இடுபவர் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் குறைந்த மருந்தை இடுபவரே இரு பெரும் ஆபத்துகளுக்கும் அருகில் இருக்கின்றார். இதன் காரணம் .38 ஸ்பெஷல் தோட்டாவின் பிறப்பிலேயே உள்ளது.

ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1898 இல் இத்தோட்டாவை உருவாக்கியபோது கரும்பொடி (கருப்பு வெடிமருந்து) இன்னும் வழக்கொழியவில்லை. சுமார் 21 கிரெயின் கரும்பொடி கொள்ளுமளவுக்கு உறை 29.3 மி.மீ. நீளத்தில் அமைந்தது. அதே 1898 இல் லாஃப்ளின் அன்ட் ராண்ட் நிறுவனம் புல்ஸ்ஐ எனும் விரைந்தெரியும் புகையற்ற மருந்தை வெளியிட்டது. பின்னர் ஹெர்குலிஸ், 1995 முதல் அலையன்ட் என நிறுவனங்கள் கைமாறியும் இம்மருந்து நூற்றாண்டுக்கு மேலாக இலக்குச் சுடுவோரின் விருப்பத் தெரிவாக இருந்து வந்துள்ளது. இத்தகைய மருந்து மென்மையான இலக்குத் தோட்டாவுக்குச் சுமார் 3 கிரெயின், அதாவது 0.2 கிராம், இருந்தால் போதும். ஒரு பவுண்டு (7000 கிரெயின்) மருந்தில் 2000க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் நிரம்பிவிடும். சிக்கனம் மிக நன்று. ஆனால் 21 கிரெயினுக்கென அமைந்த குழியில் 3 கிரெயின் கிடக்கின்றது. எஞ்சியது வெறும் காற்று.

இவ்வெற்றிடத்தின் முதல் விளைவு சீரின்மை. மருந்து உறையின் பின்புறம் பிரைமரை ஒட்டிக் கிடந்தால் ஒரு வேகமும், முன்புறம் குண்டை ஒட்டிக் கிடந்தால் வேறொரு வேகமும் கிட்டும். துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பின் மெதுவாக உயர்த்திச் சுடுவதற்கும், மேல்நோக்கிப் பிடித்துத் தாழ்த்திச் சுடுவதற்கும் இடையே வேகமானியில் காணக்கூடிய வேறுபாடு தோன்றுவது இதனாலாகும்.

இரண்டாவது விளைவு இரட்டை நிரப்பு. கவனக்குறைவால் ஒரே உறையில் இரண்டு முறை மருந்து விழுந்துவிட்டால், உறை நிரம்பி வழிந்து எச்சரிப்பதில்லை. மூன்று முறை விழுந்தாலும் குண்டு இயல்பாகப் பொருந்திவிடும். வெளித்தோற்றத்தில் அத்தோட்டாவுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு கிடையாது. எடைபோட்டுக் கண்டுபிடிக்கலாம் எனில், உறைகளும் ஈயக் குண்டுகளும் தமக்குள் ஓரிரு கிரெயின் வேறுபடுவதால் 3 கிரெயின் மிகுதி அதில் மறைந்துவிடக் கூடும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. விரைந்தெரியும் மருந்து இருமடங்கானால் அழுத்தம் இருமடங்கோடு நிற்பதில்லை, அதற்கும் மேல் எகிறும். உருளையின் மேற்பாதி பிளந்து, சட்டத்தின் மேற்பட்டை வளைந்து கிடக்கும் துப்பாக்கிகளின் படங்கள் பெரும்பாலும் இவ்வகை விபத்துகளுக்கு உரியவை. 1935 இல் வெளிவந்த .357 மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கி 35,000 பவுண்டு அழுத்தத்துக்கென ஆக்கப்பட்டது என்பதால், பலர் அதிலேயே .38 தோட்டாவைச் சுடுகின்றனர். இது சிறிது பாதுகாப்பு இடைவெளி தருமேயன்றி முழுப் பாதுகாப்பு அன்று.

மூன்றாவது விளைவு இதன் எதிர்த்துருவம். மருந்தே விழாத, அல்லது போதாமல் விழுந்த தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி, அங்கேயே நிறுத்திவிடும். இது ஸ்குவிப் எனப்படும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் இவ்வாறு நேர்ந்தால் பொதுவாக மேற்சட்டம் பின்னோக்கி இயங்காது; அடுத்த தோட்டா ஏறாது. எனவே சுடுபவர் தாமாகவே நின்றுவிடுவார். சுழல் துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது மருந்தின் விசை அல்ல, சுடுபவரின் விரல். விநாடிக்கு நான்கைந்து முறை விசையை இழுக்கும் ஒருவரது விரல், முந்தைய ஒலி சற்று மெலிந்திருந்தது என்பதை மூளை உணருமுன் அடுத்த குண்டையும் அடைபட்ட குழலுக்குள் செலுத்திவிடும். குழல் உப்பும் அல்லது வெடிக்கும். குண்டு பாதி உருளையிலும் பாதி குழலிலுமாகச் சிக்கி உருளை சுழலாது நின்றுவிடுவதும் உண்டு. அவ்வாறு சிக்கினால் அது நற்பேறு.

இதனால் களத்தில் நேரங்கணிக்கும் அலுவலர் ஒவ்வொரு வெடியொலியையும் செவிமடுக்கின்றார். ஒலி ஐயத்துக்கு இடமளித்தால் உடனே நிறுத்தச் சொல்வது அவரது கடமை. யு.எஸ்.பி.எஸ்.ஏ. விதிப்படி, நிறுத்தியபின் குழல் அடைபடாது இருந்தால் போட்டியாளருக்கு மறுவாய்ப்பு உண்டு. உண்மையிலேயே குண்டு சிக்கியிருந்தால் மறுவாய்ப்பு இல்லை. அதுவரை சுட்டது மட்டுமே கணக்கில் வரும்.

தடுப்பு முறைகள்

ஒரே நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒற்றை நிலை அழுத்தியில், ஐம்பது உறைகளை மரத்தட்டில் அடுக்கி, மருந்திட்டபின் விளக்கொளியில் வரிசை வரிசையாகப் பார்த்தறிவது பழைய வழக்கம். மெதுவானது எனினும் இதைவிட நம்பத்தக்க முறை இன்றுவரை இல்லை எனலாம்.

தொடர்நிலை அழுத்தியில் ஒரு வட்டத்தட்டு உறைகளை நிலையத்துக்கு நிலையம் கொண்டுசெல்லும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா கிடைக்கும். மணிக்குச் சில நூறு தோட்டாக்கள் ஆக்கலாம். அரிசோனாவைச் சேர்ந்த டில்லன் நிறுவனத்தின் அழுத்திகள் இதில் பெயர் பெற்றவை. அந்நிறுவனத்தின் 550 வகை அழுத்தியில் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். பேச்சுக் கவனத்தில் சுழற்ற மறந்து கைப்பிடியை மீண்டும் இழுத்தால், அதே உறையில் இரண்டாம் முறை மருந்து விழும். தட்டு தானே சுழலும் வகைகளில் இத்தவறு அரிது. ஆனால் ஏதேனும் சிக்கி, சுடுபவர் தட்டை முன்பின் அசைத்துச் சரிசெய்யும் வேளையில் அதே தவறு வேறு வடிவில் நேரும். ஆகவே இடையில் தடங்கல் வந்தால் தட்டிலுள்ள அனைத்து உறைகளையும் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி.

ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் பூட்டு அச்சு, மருந்தின் உயரம் மிகுந்தாலோ குறைந்தாலோ அழுத்தியின் கைப்பிடியையே நிறுத்திவிடும். சிறு கண்ணாடி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைப் பொருத்தி ஒவ்வோர் உறையின் உட்புறத்தையும் குண்டு வைக்குமுன் பார்ப்பதும் பரவலாகியுள்ளது.

பருமன் மிக்க மருந்தைத் தெரிவுசெய்வது மற்றொரு வழி. உறையின் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தாயின் இரண்டாம் முறை விழும்போது அது வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் துளையிட்ட வடை போன்ற துகள்களைக் கொண்ட டிரெயில் பாஸ் எனும் மருந்து இந்நோக்கிலேயே உருவாக்கப்பட்டது. பின்னாளில் அது சந்தையில் கிடைப்பது அரிதாயிற்று. எந்த மருந்தாயினும், நிறை அளவை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டிலிருந்தே பெறவேண்டும். மேசை மீது ஒரே நேரத்தில் ஒரே மருந்துக் குப்பி மட்டும் இருக்க வேண்டும் என்பதும் பொதுவிதி.

உறையையே குட்டையாக்குவது அண்மைக்காலத் தீர்வு. .38 ஷார்ட் கோல்ட் எனும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டாவின் உறை 19.4 மி.மீ. நீளமே கொண்டது. எட்டு அறை கொண்ட .357 மேக்னம் துப்பாக்கியில் இதுவும் பொருந்தும். வெற்றிடம் குறைவு, மேலும் சுட்ட உறைகள் விரைந்து வெளியே விழும், புதியவை விரைந்து உள்ளே செல்லும். மறந்துபோன இத்தோட்டா போட்டியாளர்களால் மறுபிறவி எடுத்தது எனலாம். ஆனால் இதிலும் ஓர் உறுத்தல் உண்டு. இப்பெயரில் உள்ள பழைய துப்பாக்கிகளுக்கென வகுக்கப்பட்ட அழுத்த வரம்பு மிகக் குறைவு. போட்டியாளர் ஆக்கும் தோட்டா அதைக் கடந்தது; .357 துப்பாக்கியில் மட்டுமே தாங்கும். அது தவறிப்போய்ப் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்றில் ஏற்றப்பட்டால் விளைவு கொடிதாகும். உறையின் அடியில் பொறித்த பெயர் எதையும் எச்சரிக்காது. பெட்டியின் மேல் எழுதி வைப்பது தவிர வேறு வழியில்லை.

பிரைமர்

பிரைமர் என்பது உறையின் அடியில் பொருத்தப்படும், அடிபட்டால் பொறி எழுப்பும் சிறு உலோகக் கிண்ணம் ஆகும். இன்று புழங்கும் இரு அமைப்புகளும் 1866 இல் காப்புரிமை பெற்றவை. அமெரிக்கரான ஹைரம் பெர்டானின் அமைப்பு ஐரோப்பாவில் வேரூன்றியது. ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்சரின் அமைப்பு அமெரிக்காவில் வேரூன்றியது. பாக்சர் உறையில் நடுவில் ஒரே துளை இருப்பதால் ஓர் ஊசியால் பழைய பிரைமரை எளிதில் தள்ளி வெளியேற்றலாம். அமெரிக்காவில் மீள்நிரப்பல் இத்துணை பரவியதற்கு இத்தற்செயல் பரிமாற்றமும் ஒரு காரணம்.

போட்டிச் சுழல் துப்பாக்கியில் பிரைமரின் தெரிவு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக் கூடியது. விசையை இழுக்கும்போதே சுத்தியும் எழுந்து விழும் இரட்டைச் செயல் முறையில், இழுவை கனமாக இருந்தால் குறி விலகும். எனவே போட்டியாளர் சுருள்வில்லைத் தளர்த்தி இழுவையை இலகுவாக்குகின்றனர். வில் தளர்ந்தால் சுத்தியின் அடியும் மெலியும். மெலிந்த அடிக்கும் வெடிக்கும் பிரைமர் தேவை. ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்களே இவ்வகையில் மிக நுண்ணுணர்வு கொண்டவை எனச் சுழல் துப்பாக்கியாளர் ஏறக்குறைய ஒருமனதாகக் கருதுகின்றனர். 2020 இல் தொடங்கி அமெரிக்காவில் நிலவிய பிரைமர் தட்டுப்பாட்டின்போது, வேறு வகைகளை ஏற்க வேண்டி வந்த பலர் தம் துப்பாக்கியின் வில்லை மீண்டும் இறுக்க நேர்ந்தது.

பிரைமர் உறையின் அடிப்பரப்புக்குச் சற்று உள்ளே அமைந்திருக்க வேண்டும். துருத்தி நின்றால், உருளை சுழலும்போது சட்டத்தின் பின்தட்டில் உரசி நின்றுவிடும். முழு ஆழத்துக்கு அமராத பிரைமர், சுத்தியின் முதல் அடியில் உள்ளிறங்கவே அடியின் விசையைச் செலவழித்து வெடிக்காமலும் போகலாம். நிரப்பிய தோட்டாக்களைச் சமதளத்தில் நிறுத்தி, ஆடுபவற்றை ஒதுக்குவதும், ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவிப் பார்ப்பதும் போட்டிக்கு முந்தைய இரவின் வழமையான சடங்கு. துப்பாக்கியின் உருளையிலேயே ஒவ்வொன்றையும் இட்டுப் பார்ப்போரும் உளர்.

குண்டின் வடிவம்

வாட்கட்டர் எனப்படும் குண்டு ஓர் உருளைத் துண்டு போன்றது, கூர்முனை கிடையாது. பெரும்பாலும் உறையின் வாய்மட்டத்தோடு முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கும். காகித இலக்கில் இது தாள் துளைக்கும் கருவியால் துளைத்தது போன்ற தெளிந்த வட்டத்தை வெட்டும். உருண்டை முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துச் செல்வதால், புள்ளிக்கோட்டைத் தொட்டதா இல்லையா எனும் வழக்கு எழும். ஒற்றைப் புள்ளியில் பரிசு மாறும் 25, 50 கெஜ இலக்குப் போட்டிகளில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இதன் பின்புறம் குழிவாக அமைந்த வகையில், வளிமம் குழியின் விளிம்பை விரித்துக் குழலின் வரிப்பள்ளங்களோடு இறுகச் செய்கின்றது. அதனால் மிகமென்மையான தோட்டாவிலும் நல்ல துல்லியம் கிட்டும். அழுத்தம் மிகுந்தால் அம்மெல்லிய விளிம்பு அறுந்து வளையமாகக் குழலில் தங்கிவிடும். 50 கெஜத்தில் வாட்கட்டர் தள்ளாடுவதும் உண்டு. ஸ்மித் அன்ட் வெசன் குழலில் வரிப்பள்ளம் 18.75 அங்குலத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றது. கோல்ட் பைத்தானில் 14 அங்குலத்துக்கு ஒருமுறை. காவலர் போட்டிகளுக்கென (பி.பி.சி.) தடித்த குழல் பொருத்திய துப்பாக்கிகளில் இன்னும் விரைந்த சுற்று விரும்பப்பட்டது இக்குண்டை நிலைப்படுத்தவே.

வேகமாக மீள்நிரப்பும் போட்டிகளுக்கு வாட்கட்டர் உகந்ததன்று. மழுங்கிய வாய் அறையின் விளிம்பில் முட்டும். அங்கு உருண்டை முனைக் குண்டே வழிகாட்டி போல் அறைக்குள் வழுக்கிச் செல்லும். கனத்த குண்டை மெதுவாகச் செலுத்துவது இலேசான குண்டை வேகமாகச் செலுத்துவதைவிட மென்மையாக உணரப்படுவதாகப் பலர் கூறுவர். ஒரே ஆற்றல் காரணிக்குக் குறைந்த மருந்தே செலவாவதால் இதில் பொருள் உண்டு.

மூன் கிளிப்

.45 ஏ.சி.பி. தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கென அமைந்த தோட்டா. அதன் உறைக்கு வெளிநீட்டிய விளிம்பு இல்லாததால் சுழல் துப்பாக்கியின் உருளையில் வெளித்தள்ள முடியாது. முதல் உலகப்போரின்போது எம்1917 சுழல் துப்பாக்கிகளுக்காக மூன்று தோட்டாக்களைப் பற்றும் அரைவட்டத் தகடு பயன்படுத்தப்பட்டது. ஆறு தோட்டாக்களையும் ஒருங்கே பற்றும் முழுவட்டத் தகடு பின்னர் வந்தது. போர்க்காலத்தில் பற்றாக்குறைக்குக் கண்ட மாற்று, போட்டியில் பெரும் வரமாயிற்று. ஜெர்ரி மிக்குலெக் 1999 இல் ஸ்மித் அன்ட் வெசன் 625 வகையில் ஆறு குண்டுகள் சுட்டு, மீள ஏற்றி, மேலும் ஆறு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2.99 விநாடி.

இங்கும் கைநிரப்புபவரின் கவனம் தேவை. உறையின் அடிப்பள்ளம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறுபடும். ஒரு நிறுவனத்தின் உறை தகட்டில் தளர்ந்து ஆடும்; மற்றொன்று தகட்டையே வளைத்துவிடும். வளைந்த தகடு உருளையைச் சுழலவிடாது. எனவே போட்டிக்கென ஒரே பெயர் பொறித்த உறைகளைத் தனியே பிரித்து வைக்கின்றனர்.

செய்முறைச் சுருக்கம்

சுட்ட உறைகள் அரைத்த சோளக்கதிர்த் தண்டு அல்லது வாதுமை ஓட்டுத்தூளில் உருட்டித் துப்புரவாக்கப்படும். முதல் அச்சு, விரிந்த உறையைப் பழைய விட்டத்துக்குச் சுருக்கிப் பழைய பிரைமரை வெளியேற்றும். இவ்வச்சின் உள்வளையம் கார்பைடால் ஆனதாயின் உறைக்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை. இரண்டாவது அச்சு உறையின் வாயைச் சற்றே விரிக்கும். இல்லையேல் ஈயக் குண்டின் அடி சீவப்படும். பின் புதிய பிரைமர், மருந்து, குண்டு என்ற ஒழுங்கில் சேர்க்கப்படும். இறுதியில் உறையின் வாய் மீண்டும் இறுக்கப்படும்.

இறுதி இறுக்கம் சுழல் துப்பாக்கியில் தனி முக்கியத்துவம் பெறுகின்றது. ஒரு தோட்டா வெடிக்கையில் உருளையிலுள்ள மற்றவையும் பின்னோக்கி இழுபடும். குண்டுகள் தம் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயலும். இறுக்கம் போதாவிடில் குண்டு மெல்ல முன்னே நழுவி, உருளைக்கு வெளியே நீட்டிச் சட்டத்தில் தட்டும். மென்மையான போட்டித் தோட்டாக்களில் இது அரிது. பெரு வகைத் தோட்டாக்களில் நேரும்.

கருவிகளின் வரலாறு

1884 இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம், குறடு போன்ற கைக்கருவியை விற்றது. கைப்பலத்தால் இயங்கிய இக்கருவியைப் பையிலிட்டுக் கொண்டுசெல்ல முடிந்தது. லைமன் நிறுவனம் 1925 இல் ஐடியலை வாங்கியது. ஃபிரெட் ஹன்டிங்டன் 1943 இல் கலிஃபோர்னியாவின் ஒரோவில் நகரில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ்., மேசையில் பொருத்தும் வலுவான அழுத்திகளைப் பரப்பியது. விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ 1958 இல் தொடங்கிய நிறுவனம், சுத்தியலால் தட்டி ஒவ்வொரு தோட்டாவாக ஆக்கும் மலிவான கருவித் தொகுதியால் புதியவர்களை ஈர்த்தது.

உடல்நலம்

பிரைமரில் உள்ள ஈயச் சேர்மம், ஈயக் குண்டு ஆகிய இரண்டின் எச்சமும் சுட்ட உறையில் படிந்திருக்கும். உலர்முறையில் உருட்டித் துப்புரவாக்கும்போது எழும் தூசியே வீட்டில் ஈயம் பரவ முதன்மை வழி. இதனால் பலர் நீரில் அலசும் முறைக்கு மாறியுள்ளனர். பலபடிப் பூச்சிட்ட குண்டுகள் ஈயப்புகையைக் குறைக்கின்றன. நிரப்பும் மேசையில் உண்பதும் புகைப்பதும் கூடா. பின்னதற்குக் காரணம் கூறத் தேவையில்லை.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் சொந்தப் பயனுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு ஆக்குவோருக்குத் தேவை. செருமனியில் வெடிபொருள் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி பயிற்சி பெற்று அனுமதி பெற்றவர் மட்டுமே மருந்தை வாங்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் 1997 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தங்களால் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டமையால் இவ்விளையாட்டே சுருங்கிவிட்டது.

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 5 ஆம் பிரிவின்படி, உரிமமின்றி வெடிபொதி தயாரிப்பதைத் தடைசெய்கின்றது. இந்திய வீரர்கள் பன்னாட்டு அளவில் சிறந்து விளங்கும் 25 மீட்டர் மையவெடிப்புக் கைத்துப்பாக்கிப் போட்டியில் (ஜஸ்பால் ராணா 2006 தோகா ஆசிய விளையாட்டில் 590 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்) தொழிற்சாலைத் தோட்டாக்களே வழக்கம். அதில் பரவலாகப் பயன்படும் .32 ஸ்மித் அன்ட் வெசன் லாங் வாட்கட்டர், 1896 இல் சுழல் துப்பாக்கிக்கெனப் பிறந்து, இன்று பெரும்பாலும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் சுடப்படுகின்றது.